தாமிரபரணிக் கரையில் சைக்கிள்: கால்வாயைப் பிடித்துச் செல்லும் அமைதியான வழிகள்

பொதிகை மலையில் பிறந்து, பாபநாசத்தில் சமவெளிக்கு இறங்கி, புன்னைக்காயல் அருகே மன்னார் வளைகுடாவில் கலக்கும் தாமிரபரணியின் நீளம் சுமார் 128 கிலோமீட்டர்தான். இரண்டு மாவட்டங்களுக்குள்ளேயே பிறந்து முடிந்துவிடும் இந்தச் சிறிய ஆற்றின் இரு கரைகளிலும், நெடுஞ்சாலையின் இரைச்சல் எட்டாத ஊர்ச்சாலைகள் ஏராளமாக உள்ளன. ஆனால் திருநெல்வேலியிலிருந்து புறப்படும் பெரும்பாலான சைக்கிள் ஓட்டுநர்கள் அம்பாசமுத்திரம் சாலையிலோ திருச்செந்தூர் சாலையிலோ பேருந்துகளின் புகையை முகத்தில் வாங்கிக்கொண்டு போய்விட்டு, இந்தப் பக்கம் நிம்மதியாக ஓட்ட வழியில்லை என்று சொல்லித் திரும்புகிறார்கள். வழி இருக்கிறது, அதைச் சாலை வரைபடத்தில் தேடினால் கிடைக்காது, நீர் ஓடும் வழியில் தேட வேண்டும். அதை எப்படிக் கண்டுபிடிப்பது, எந்தக் காலத்தில் போவது, எந்தெந்த ஊர்களைக் கோப்பது என்பவற்றை என் அனுபவத்திலிருந்து இங்கே எழுதுகிறேன்.

கால்வாய் காட்டும் வழி

தாமிரபரணியின் குறுக்கே எட்டு அணைக்கட்டுகள் உள்ளன. மேலிருந்து கீழாக அவை கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம் ஆகியவை. கடைசியாகச் சொன்ன ஸ்ரீவைகுண்டம் மட்டும் ஆங்கிலேயர் காலத்தில் கட்டப்பட்டது. மற்றவை அதற்கு வெகு முந்தியவை. ஒவ்வோர் அணைக்கட்டிலிருந்தும் பிரியும் கால்வாய் ஆற்றை விட்டுச் சற்று விலகி, ஆனால் ஆற்றுக்கு இணையாக, பல கிலோமீட்டர் தூரம் ஓடிக் குளங்களை நிரப்புகிறது. கன்னடியன் கால்வாயும் பாளையங்கால்வாயும் தென்கரையில் ஓடுகின்றன. கோடகன் கால்வாயும் நெல்லைக் கால்வாயும் வடகரையில் ஓடுகின்றன.

சைக்கிள் ஓட்டுபவருக்கு இதில் இரண்டு நன்மைகள் உண்டு. முதலாவது, கால்வாய் வெட்டியவர்கள் தண்ணீர் தானே வழிந்து ஓடும் அளவுக்கு மட்டுமே சரிவு கொடுத்திருக்கிறார்கள் என்பதால், அதை ஒட்டிய பாதையில் ஏற்றமும் இறக்கமும் காலுக்குத் தெரியாது. மலை இவ்வளவு அருகில் நின்றும், கியர் இல்லாத சாதாரண சைக்கிளிலேயே இங்கே நாற்பது கிலோமீட்டர் ஓட்ட முடிவதற்கு இதுவே காரணம். இரண்டாவது, நெடுஞ்சாலை ஊரையும் ஊரையும் சேர்க்கப் போடப்பட்டது. கால்வாய்ச் சாலையோ ஊரையும் வயலையும் சேர்ப்பதற்காக உண்டானது. அதில் போகிறவர்கள் மண்வெட்டியைத் தோளில் சாய்த்த விவசாயியும், மாடு ஓட்டிச் செல்பவரும், உரமூட்டை ஏற்றிய இருசக்கர வண்டியும், எப்போதாவது ஒரு சிற்றுந்தும்தான்.

வழி தெரியாத இடத்தில் முச்சந்தியில் நின்று குழம்பும்போது ஒரு சுலபமான அடையாளம் கைகொடுக்கும். கால்வாய்க்குக் கீழே உள்ள நிலம் நஞ்சை. மேலே உள்ளது புஞ்சை அல்லது தரிசு. ஆகவே தென்கரையில் கிழக்கு நோக்கி, அதாவது ஆற்றின் போக்கிலேயே செல்லும்போது, இடப்பக்கம் வயலும் வலப்பக்கம் பனையும் உடைமரமும் நிற்கும் மேட்டு நிலமும் இருந்தால் சரியான பாதையில் இருக்கிறீர்கள் என்று பொருள். வடகரையில் இது அப்படியே மாறிவிடும். இரு பக்கமும் புஞ்சையாகிவிட்டால் ஆற்றை விட்டு விலகிவிட்டீர்கள். இரு பக்கமும் வயலாகி, பாதை குறுகிக்கொண்டே போனால் அது ஏதாவது ஒரு படித்துறையில் போய் முடியும். புறப்படுவதற்கு முந்தைய நாள் கைப்பேசியில் செயற்கைக்கோள் படத்தைத் திறந்து, பச்சையும் பழுப்பும் சந்திக்கும் அந்தக் கோட்டை விரலால் தொடர்ந்து பார்த்துவிட்டால் பாதி வேலை முடிந்துவிடும்.

இரண்டு எச்சரிக்கைகளையும் சேர்த்தே சொல்ல வேண்டும். கால்வாயின் கரைமேலேயே செல்லும் பாதை பல இடங்களில் மண்பாதை. மழை பெய்த மறுநாள் களிமண் சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் இடையே அப்பிக்கொண்டு வண்டியை நகரவிடாது. அப்போது கரையை விட்டிறங்கி, அதற்கு இணையாகச் செல்லும் ஊராட்சித் தார்ச்சாலையைப் பிடிப்பதே அறிவுடைமை. மற்றொன்று, ஆறும் கால்வாயும் இங்கே மக்கள் குளிக்கும் இடங்கள். விடியற்காலையில் கரைவழியே வருகிறவர் எதிர்பாராமல் பெண்கள் குளிக்கும் துறைக்கு நேர் எதிரே வந்துவிட நேரும். திருப்பத்துக்கு முன்பே மணியடித்து, நிற்காமல் கடந்துவிட வேண்டும். காட்சி எவ்வளவு அழகாக இருந்தாலும் அங்கே கைப்பேசியை வெளியே எடுக்கக் கூடாது.

சாலையோர மைல்கல்லின் தலைநிறமும் ஒரு குறிப்புத்தான். மஞ்சள் தலை தேசிய நெடுஞ்சாலையையும், பச்சைத் தலை மாநில நெடுஞ்சாலையையும் குறிக்கும். இவ்விரண்டையும் குறுக்கே கடப்பதற்கும், வேறு வழியே இல்லாத ஓரிரு கிலோமீட்டருக்கும் மட்டும் பயன்படுத்திக்கொண்டால் போதும்.

காலமும் காற்றும்

இந்த ஆற்றுக்குத் தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டும் நீர் தருகின்றன. அதனால் கார், பிசானம் என்று இரண்டு நெற்சாகுபடிகள். அணையைத் திறந்து கார் நடவு தொடங்கும் ஜூன், ஜூலை மாதங்களில் கால்வாய்கள் நிறைந்து ஓடும். பள்ளத்தாக்கு பார்க்க மிக நன்றாக இருக்கும். ஆனால் ஓட்டக் கடினம். செங்கோட்டைக் கணவாய் வழியாகப் புகுந்து வரும் மேல்காற்று அந்தக் காலத்தில் நாள் முழுவதும் கிழக்கு நோக்கி அடிக்கிறது. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பதை இந்தப் பகுதியில் மேற்கு நோக்கிச் சைக்கிள் மிதித்துப் பார்த்தவர் மிகைச்சொல்லாக எடுத்துக்கொள்ள மாட்டார். ஆகவே ஜூன் முதல் செப்டம்பர் வரை அம்பாசமுத்திரத்தில் தொடங்கிக் கிழக்கே ஓட்டுவதுதான் முறை. ரயிலில் போய் அங்கிருந்து சைக்கிளில் திரும்பினால் காற்றே வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து சேர்க்கும். திருநெல்வேலியிலிருந்து சைக்கிளிலேயே போய்வருவதானால், காற்று வலுக்கும் முன், இருள் பிரிந்ததும் மேற்கு நோக்கிய பாதியை முடித்துவிட வேண்டும்.

அக்டோபர் பாதியிலிருந்து டிசம்பர் முடிய மழைக்காலம். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கும் மேல் மழை பெய்ததையும், ஸ்ரீவைகுண்டம், ஏரல் பகுதிகள் வெள்ளத்தில் துண்டிக்கப்பட்டுப் பாலங்களும் சாலைகளும் சேதமடைந்ததையும் யாரும் மறந்திருக்க முடியாது. அந்த அளவு மழை அபூர்வம் என்றாலும், குளங்கள் நிரம்பி மறுகால் பாயும் நாட்களில் தாழ்வான சாலைகளின் மேலேயே தண்ணீர் ஓடும். முழங்கால் அளவுதானே என்று வண்டியைத் தள்ளிக்கொண்டு இறங்கக் கூடாது. அடியில் தார் அரித்துப் போயிருந்தால் மேலே தெரியாது.

பொங்கல் முடிந்து பங்குனி பிறக்கும் வரையிலான இரண்டு மாதங்களே மிகச் சிறந்தவை. வெயில் தாங்கும்படி இருக்கும், காற்று தணிந்திருக்கும், பிசானப் பயிர் கதிர் முற்றி மஞ்சளாகிக்கொண்டிருக்கும், குளங்களில் வலசைப் பறவைகள் இன்னும் இருக்கும். ஏப்ரல், மே மாதங்களில் ஓட்டித்தான் ஆக வேண்டும் என்றால் காலை ஐந்தரைக்குப் புறப்பட்டு ஒன்பதரைக்குள் இறங்கிவிடும்படி தூரத்தைக் குறைத்துக்கொள்ள வேண்டும்.

அறுவடைக் காலத்துக்கு மட்டும் ஒரு தனி இடைஞ்சல் உண்டு. நெல்லைச் சாலையில் காயப்போடுவதும், நெல்லுக்குப்பின் விதைத்த உளுந்தை வேரோடு பிடுங்கி வண்டிகள் ஏறி மிதிக்கட்டும் என்று நடுச்சாலையில் பரப்புவதும் இங்கே வழக்கம். ஒருமுறை வீரவநல்லூரைத் தாண்டி, பரப்பியிருந்த உளுந்துக் கொடியின் மேலேயே ஓட்டிச் சென்றேன். பத்தடி போவதற்குள் கொடி பின்சக்கரப் பல்லில் சுற்றி, கியர் மாற்றும் கருவியை வளைத்து, செயினைக் கழற்றிவிட்டது. களத்தில் நின்ற பாட்டி ஒருவர், “சைக்கிள இறங்கித் தள்ளிட்டுப் போயிருக்கலாம்லா ஐயா?” என்று கேட்டார். கேட்டதோடு நிற்காமல், கொடியை அறுத்தெடுக்கப் பன்னரிவாளும் கொடுத்தார். அன்றிலிருந்து உளுந்தோ வைக்கோலோ கண்ணில் பட்டால் இறங்கிவிடுகிறேன். காயும் நெல்லின் மேல் ஏற்றுவது மரியாதையும் அல்ல. தானியத்தை அள்ளிய பிறகும் எல்லைக்கு வைத்த கற்கள் சாலையிலேயே கிடக்கும். மங்கிய வெளிச்சத்தில் அவை கண்ணுக்குத் தெரியாது.

வண்டியைப் பற்றிச் சில சொற்கள்

இந்தச் சாலைகளுக்கு விலையுயர்ந்த சைக்கிள் தேவையில்லை, டயர்தான் முக்கியம். பந்தய வண்டியின் மெல்லிய டயர் தார்ச்சாலைக்குப் பொருந்தும், ஆனால் சரளையிலும் வண்டித் தடத்திலும் தொல்லை தரும். 32 மில்லிமீட்டர் அகலத்துக்கு மேற்பட்ட டயர் இருந்தால் எல்லாப் பாதைகளிலும் போகலாம். மேட்டு நிலத்தின் உடைமுள்ளும் சீமைக் கருவேல முள்ளும் டயரைத் துளைப்பதில் வல்லவை. முள்வேலி வெட்டிப்போட்ட இடத்தைக் கடந்ததும் நின்று, டயரை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்து முள்ளைப் பிடுங்கிவிட்டால், அது உள்ளே இறங்குவதற்குள் தப்பிக்கலாம். சிறிய ஊர்களிலும் பஞ்சர் கடைகள் இருக்கின்றன. ஆனால் அங்கே உள்ள பம்பு சாதாரணச் சைக்கிள் வால்வுக்கும் மோட்டார் சைக்கிள் வால்வுக்கும்தான் பொருந்தும். மெல்லிய வால்வு கொண்ட புதுவகை டியூப் வைத்திருப்பவர்கள், அதன்மேல் திருகும் பித்தளை அடாப்டர் ஒன்றையும், மாற்று டியூப் இரண்டையும், கைப்பம்பையும் எடுத்துச் செல்ல வேண்டும்.

சைக்கிளை ரயிலில் கொண்டுபோக விரும்பினால், அதைச் சரக்காகப் பதிவு செய்து லக்கேஜ் பெட்டியில் ஏற்ற வேண்டும். சிறிய நிலையங்களில் வண்டி ஓரிரு நிமிடமே நிற்கும் என்பதால், ஏற்றி இறக்க முடியுமா என்று முந்தைய நாளே திருநெல்வேலி சந்திப்பில் கேட்டுக்கொள்வது நல்லது. மடித்து உறையில் போடும் சைக்கிளானால் இந்த அலைச்சல் இல்லை.

மேல் பள்ளத்தாக்கு: அம்பையிலிருந்து பாளைக்கு

எனக்கு மிகவும் பிடித்த வழி இது. அம்பாசமுத்திரத்தில் தொடங்கித் தென்கரை வழியாகப் பாளையங்கோட்டை வரை, நேராகப் போனால் நாற்பது கிலோமீட்டரை ஒட்டியும், கிளைச்சாலைகளில் நுழைந்து வந்தால் அறுபதை நெருங்கியும் வரும்.

பாபநாசத்திலிருந்தே தொடங்க வேண்டும் என்று பலர் ஆசைப்படுவார்கள். அம்பாசமுத்திரத்திலிருந்து விக்கிரமசிங்கபுரம் வழியாகப் பாபநாசம் பத்துக் கிலோமீட்டர்தான். ஆனால் அது பேருந்துகள் மிகுந்த சாலை. விடுமுறை நாட்களில் அருவிக்குப் போகும் வண்டிகளும் சேர்ந்துகொள்ளும். ஆடி அமாவாசையை ஒட்டிய நாட்களில் அந்தப் பக்கம் சைக்கிளோடு தலைகாட்டவே கூடாது. பாபநாசத்தில் வனத்துறைச் சோதனைச் சாவடிக்கு அப்பால் இருப்பது களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகம். அதைச் சைக்கிள் பாதையாக எண்ண வேண்டாம். சாவடிக்கு இப்பாலேயே கோயிலையும் ஆற்றையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவதே முறை. மலையடிவார ஊர்களுக்குள் இரவில் கரடி இறங்கி வருவது உண்டு என்பதால், இந்தப் பகுதியில் நன்றாக விடிந்த பிறகே வண்டியை எடுக்க வேண்டும்.

மலையை அருகிலிருந்து பார்க்க விரும்புபவர்களுக்கு அதைவிட நல்ல வழி மணிமுத்தாறு. அம்பாசமுத்திரத்திலிருந்து ஆற்றுப் பாலத்தைக் கடந்தால் கல்லிடைக்குறிச்சி. அங்கிருந்து தெற்கே சிங்கம்பட்டிப் பக்கமாக வயல்களுக்கு நடுவே செல்லும் சாலை, பத்துக் கிலோமீட்டருக்குள் மணிமுத்தாறு அணையின் அடிக்குக் கொண்டுபோய்விடும். முன்சக்கரத்துக்கு நேரே மேற்குத் தொடர்ச்சி மலை சுவர்போல நிற்க, போகப் போக அது உயர்ந்துகொண்டே வரும். மிதிக்கும் தூரத்தில் இவ்வளவு பெரிய காட்சி கிடைக்கும் இடம் நெல்லைச் சீமையில் வேறில்லை என்பது என் எண்ணம். அணையைப் பார்த்துவிட்டு அதே வழியில் கல்லிடைக்குறிச்சிக்குத் திரும்பி, அங்கே காலையுணவை முடித்துக்கொள்ளலாம். அப்பளம் வாங்குவதானால் அக்ரகாரத் தெருக்களில் விசாரித்து வாங்கி, துணிகளுக்கு நடுவே வைத்துக் கட்ட வேண்டும். ஹேண்டில் பாரில் தொங்கவிட்டால் ஊர் போய்ச் சேரும்போது துண்டுகள்தான் மிஞ்சும்.

கல்லிடைக்குறிச்சியிலிருந்து கன்னடியன் கால்வாய் உங்களோடு கூடவே வரும். முதன்மைச் சாலை, ரயில் பாதை, கால்வாய் மூன்றும் ஒன்றையொன்று அடிக்கடி சந்திக்கும் பகுதி இது. முடிந்தவரை கால்வாயை ஒட்டிய ஊர்ச்சாலைகளில் ஓட்டி, வழி அற்றுப்போகும் இடத்தில் முதன்மைச் சாலையில் ஏறி, அடுத்த ஊரில் மறுபடி இறங்கிக்கொள்ள வேண்டும். பள்ளிக்கூட நேரமான எட்டு மணியிலிருந்து ஒன்பதரை வரை முதன்மைச் சாலையைத் தவிர்த்துவிட்டால் பெரிய தொல்லை இல்லை.

வீரவநல்லூரில் கட்டாயம் செய்ய வேண்டிய காரியம், அங்கிருந்து வடக்கே பிரிந்து ஆற்றங்கரைக்குச் செல்லும் கிளைச்சாலையில் திருப்புடைமருதூருக்குப் போய்வருவது. கடனாநதி தாமிரபரணியில் கலக்கும் இடத்தருகே அமைந்த ஊர் அது. நாறும்பூநாதர் கோயிலின் கோபுரத்துக்குள் மரச்சிற்பங்களும் சுவரோவியங்களும் தளந்தளமாக உள்ளன. ஊருக்குள் நிற்கும் பெரிய மரங்களில் நாரைகளும் கொக்குகளும் கூடு கட்டுகின்றன. பறவைகளை ஊராரே காத்துவந்த அந்த இடம் 2005இல் பறவைகளுக்கான காப்பிடமாக அறிவிக்கப்பட்டது. கூடு கட்டும் பருவத்தில் மரத்தடியில் சைக்கிளை நிறுத்தினால் இருக்கை வெள்ளையாகிவிடும் என்பதைத் தவிர வேறு குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆற்றில் இறங்கிக் குளிப்பவர்கள் ஊரார் இறங்கும் படித்துறையிலேயே இறங்க வேண்டும். இரு ஆறுகள் கலக்கும் இடத்திலும் அணைக்கட்டின் கீழ்த்தளத்திலும் தண்ணீர் மேலே அமைதியாகத் தெரிந்தாலும் அடியில் இழுக்கும். பாசி படிந்த கல்லில் கால் நிற்காது.

மீண்டும் வீரவநல்லூருக்கு வந்து கிழக்கே திரும்பினால் காருகுறிச்சி. நாகசுரம் கேட்பவர்களுக்கு அருணாசலம் பிறந்த ஊர் என்று சொன்னால் போதும். மற்றவர்களுக்கு, இன்றும் மண்பாண்டம் வனையும் ஊர்; சக்கரம் சுற்றுவதை நின்று பார்க்கலாம். அடுத்து சேரன்மகாதேவி, பிறகு பத்தமடை. ஆற்றோரக் கோரையைக் கிழித்துப் பட்டுபோல் மெல்லிய பாய் நெய்யும் பத்தமடையில், பாயைச் சுருட்டிச் சைக்கிளின் நடுக்கம்பியில் கட்டிக்கொண்டு வருவது ஒன்றும் கடினமில்லை. நான் அப்படித்தான் கொண்டுவந்தேன்.

பத்தமடைக்குக் கிழக்கே சாலை இன்னும் அமைதியாகிவிடும். மேலச்செவல், கோபாலசமுத்திரம், பிராஞ்சேரி என்று அடுத்தடுத்து வரும் ஊர்கள் வயலுக்கும் குளத்துக்கும் நடுவே தீவுகள்போல இருக்கும். குளக்கரை மேலேயே சாலை செல்லும் இடங்களும் உண்டு. தருவை, முன்னீர்பள்ளம் பகுதிக்கு வந்தால் களக்காட்டு மலையிலிருந்து வரும் பச்சையாறு ஆற்றில் கலக்கும் இடத்தை நெருங்கிவிட்டீர்கள். அதற்குப் பின் மேலப்பாளையம் வந்துவிடும், நகரமும் தொடங்கிவிடும். கடைசி ஐந்தாறு கிலோமீட்டரில் எந்தக் கால்வாயும் உங்களைக் காப்பாற்றாது. ஆட்டோக்களோடும் பேருந்துகளோடும் பொறுமையாக வரிசையில் நின்று பாளையங்கோட்டை போய்ச் சேர வேண்டியதுதான்.

கீழ்ப் பள்ளத்தாக்கு: நவதிருப்பதிச் சுற்று

திருநெல்வேலிக்குக் கீழே நெல் குறைந்து வாழை மிகுகிறது. பாளையங்கோட்டையிலிருந்து திருச்செந்தூர் சாலையில் கிருஷ்ணாபுரம், செய்துங்கநல்லூர், கருங்குளம் வழியாகச் சைக்கிளிலேயே வர முடியும். கிருஷ்ணாபுரம் வெங்கடாசலபதி கோயிலின் தூண் சிற்பங்களுக்காகவும், முதுமக்கள் தாழிகள் புதைந்த ஆதிச்சநல்லூர் மேட்டுக்காகவும் ஒருமுறை அப்படி வருவதில் பொருள் உண்டு. ஆனால் அது லாரிகளும் பேருந்துகளும் ஓடும் சாலை. தைப்பூசம், கந்த சஷ்டி போன்ற நாட்களை ஒட்டிப் பாதயாத்திரைக் கூட்டமும் சாலையோரத்தை நிறைத்துவிடும். ஆகவே திருச்செந்தூர் ரயிலில் ஸ்ரீவைகுண்டம் வந்து இறங்கித் தொடங்குவதையே பரிந்துரைப்பேன். நிலையம் ஆற்றுக்குத் தெற்கே புதுக்குடியில் இருக்கிறது. ஊரும் பெருமாள் கோயிலும் வடகரையில் இருக்கின்றன. பாலத்தைக் கடக்கும்போது ஆற்றின் கடைசி அணைக்கட்டைக் காணலாம். இதிலிருந்து பிரியும் வடகால் தூத்துக்குடிப் பக்கம் கோரம்பள்ளம் குளம் வரையிலும், தென்கால் கடம்பாகுளம் வழியாகத் திருச்செந்தூர்ப் பக்கமும் போகின்றன. இந்தச் சுற்று முழுவதும் அவ்விரண்டுக்கும் இடைப்பட்ட வளமான நிலத்துக்குள்ளேயே அமைந்துவிடுகிறது.

நம்மாழ்வார் பிறந்த மண்ணைச் சுற்றியுள்ள ஒன்பது பெருமாள் கோயில்கள் நவதிருப்பதி எனப்படுகின்றன. பக்தர்கள் வேனில் ஒரே நாளில் சுற்றிவிடும் இந்தத் தலங்கள், நாற்பது கிலோமீட்டரை ஒட்டிய சைக்கிள் சுற்றுக்காகவே அளந்து வைத்ததுபோல் ஒன்றுக்கொன்று எட்டும் தூரத்தில் இருக்கின்றன. நீங்கள் கோயிலுக்குள் போகாதவராக இருந்தாலும் பரவாயில்லை. ஒவ்வொரு கோயிலிலும் நிழலும் தண்ணீரும் உட்காரத் திண்ணையும் உண்டு. நீண்ட வழிக்கு இவை போதும்.

ஸ்ரீவைகுண்டத்தில் காலை முதல் தரிசனத்தை முடித்துக்கொண்டு வடகரையிலேயே கிழக்கே திரும்பினால், சில நிமிடங்களில் நத்தம் எனப்படும் வரகுணமங்கை, அதையடுத்துத் திருப்புளிங்குடி. இவை மிகச் சிறிய ஊர்கள். கோயில் திறந்திருக்கிறதா என்று தெருவில் கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கும். அங்கிருந்து வாழைத் தோட்டங்கள் சாலையின் இருபுறமும் சுவராக எழும்பிவிடும். நிழல் உண்டு, காற்று இல்லை; எதிரே வருவது தெரியாது என்பதால் வளைவுகளில் இடப்பக்கம் ஒதுங்கி மணியடித்துக்கொண்டே போக வேண்டும். வாழைத்தார் ஏற்றிய வண்டி வந்தால் முழுச் சாலையும் அதற்குத்தான். பெருங்குளத்தில் ஊரின் பெயருக்குக் காரணமான குளத்தை ஒட்டிச் சற்று நேரம் நின்று பாருங்கள். மார்கழி, தை மாதங்களில் நீர்ப்பறவைகள் நிறைந்திருக்கும். இரட்டைத் திருப்பதி எனப்படும் தொலைவில்லிமங்கலத்தில் அருகருகே இரண்டு கோயில்கள் இருப்பதால், எட்டு ஊர்களிலேயே ஒன்பது கணக்கு நிறைந்துவிடும்.

அடுத்து ஏரல். சந்தையும் கடைகளுமாகச் சுறுசுறுப்பான ஊர். இட்லியும் வடையும் கிடைக்கும். டியூப் வாங்க வேண்டியிருந்தால் இங்கேயே வாங்கிக்கொள்ள வேண்டும். ஏரலில்தான் ஆற்றைக் கடந்து தென்கரைக்குப் போகிறோம். வெள்ளத்தில் சேதமடைந்த வரலாறு இந்தப் பாலத்துக்கு உண்டு. மழைக்காலத்தில் வருகிறவர்கள் ஸ்ரீவைகுண்டத்திலேயே ஏரல் பாலத்தின் நிலைமையைக் கேட்டுக்கொண்டு புறப்பட்டால், பாதி வழியில் நின்று திரும்ப நேராது. தெம்பு மிச்சமிருப்பவர்கள் இங்கிருந்து மேலும் கிழக்கே, முக்காணி, வெற்றிலைக் கொடிக்கால்களுக்குப் பேர்போன ஆத்தூர் வழியாகப் புன்னைக்காயல் கழிமுகம் வரை போகலாம். அந்தப் பக்கம் கடற்காற்று எதிரே அடிக்கும், நிழல் அறவே இருக்காது, முக்காணியில் தூத்துக்குடி–திருச்செந்தூர் நெடுஞ்சாலையைக் கடக்க வேண்டியும் வரும். முதல் முறை வருபவர்களுக்கு அதைச் சொல்லமாட்டேன்.

பாலத்தைத் தாண்டித் தென்கரையில் மேற்கே திரும்பித் தென்திருப்பேரை, அங்கிருந்து ஆழ்வார்திருநகரி. இடையில் பிரியும் கிளைச்சாலையில் மதுரகவியாழ்வார் பிறந்த திருக்கோளூருக்கும் போய்வந்துவிடலாம். அந்தச் சில கிலோமீட்டர்தான் இந்தச் சுற்றிலேயே மிக அமைதியான பகுதி. கோயில்கள் நண்பகலில் நடைசாத்திவிட்டு மாலையில்தான் திறக்கும். ஆழ்வார்திருநகரிக் கோயிலின் உறங்காப்புளி என்னும் புளியமரத்தைப் பார்க்க விரும்புபவர்கள், வடகரைக் கோயில்களில் நேரத்தை நீட்டிவிடாமல் பதினோரு மணிக்குள் இங்கே வந்து சேரும்படி கணக்கிட்டுக்கொள்ள வேண்டும். வைகாசியில் ஒன்பது கருட சேவை நடக்கும் நாட்களில் இந்த ஊரில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகவும் இடமிராது.

சுற்றை முடிக்கத் தொடங்கிய இடத்துக்கே திரும்ப வேண்டும் என்ற அவசியமில்லை. ஆழ்வார்திருநகரியிலும் ரயில் நிலையம் உண்டு. ஆனால் திருநெல்வேலி நோக்கிச் செல்லும் வண்டிகள் நாளில் சிலவே. நேரத்தைக் காலையிலேயே குறித்துக்கொண்டு வாருங்கள். வண்டி தவறிவிட்டால் உச்சி வெயிலில் நெடுஞ்சாலையில் முப்பது கிலோமீட்டருக்கு மேல் மிதிப்பதைவிட, மாலை வரை கோயில் மண்டபத்திலோ ஆற்றங்கரை மருத மரத்தடியிலோ படுத்துக் கிடந்துவிட்டு அடுத்த வண்டியைப் பிடிப்பதே மேல்.